வெயிலில் குறைத்துக் காட்டும் முள்

லாயாங் லாயாங்கில் ரயில் நின்றபோது, எதிரே இருந்த காக்கிச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்த தம் மச்சானிடம், “வெயில் ஏற ஏற விமானத்து வேக முள் குறைச்சுத்தான் காட்டும், மச்சான்” என்றார். ஜொகூரில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் விமானத்துக்கு அவர்தான் ஃபிட்டராம். மறுநாள் அதில் ஏறப்போவதாக ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டு வந்தவன் நான். இறங்கிவிடலாமென்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“அலமாக்! அப்ப ஓட்டுறவரு எதை நம்பி ஓட்டுறாரு?” என்றார் மச்சான்.

“அந்த முள்ளைத்தான். சூட்டுல காத்து லேசாயிடுது, முள்ளுக்குக் காத்து பிடிக்கிற குழாய்ல மெதுவா அடிக்குது, முள்ளு கம்மியா காட்டுது. இறக்கையைத் தூக்குறதும் அதே லேசான காத்துதானே? முள்ளு போதும்னா இறக்கைக்கும் போதும். என்ன, கிளம்புறப்ப தரையில கொஞ்சம் கூடுதலா ஓடணும்.”

“குழாய் அடைச்சிக்கிட்டா?”

“குளவி கூடு கட்டும்லா. அதான் தினம் விடியக்காலையில நானே பார்க்கிறேன். நாளைக்கும் நான் பார்த்துச் சொன்னாத்தான் ஓட்டுற துரை ஏறுவாரு.”

ரயில் ஊதியது. எண்ணெய்க் கறை படிந்த அந்த விரல்களைப் பார்த்தேன். பையை மறுபடி மேலே வைத்தேன். பயம் வேண்டுமானால் அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்ளட்டும்.