ஒரு சொட்டு எண்ணெய்

ஈப்போக்காரன் கடலில் படகு வைத்திருக்கிறான் என்றால் லூமுட் துறைமுகத்தில் சிரிப்பார்கள். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்று, தண்ணீரைக் குழாயில்தான் பார்க்கிறீர்கள், உங்களுக்கு எதற்குப் படகு என்பார்கள். நியாயமான கேள்விதான். நானும் சிரித்துவிட்டு ஆளுக்கொரு வெள்ளைக் காப்பிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் பவித்ரன், நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். எங்கள் அப்பா சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி. துரை சீமைக்குத் திரும்பியபோது தன் பாய்மரப் படகை அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனார். அந்தத் தோட்டம் இன்று செம்பனை ஆகிவிட்டது. துரை பங்களாவின் கூரையில் மரம் முளைத்திருக்கிறது. படகு மட்டும் அப்படியே இருந்தது. பங்கோர் தீவின் சீனத் தச்சர்கள் கட்டியது. அப்பா அதற்கு எங்கள் அம்மாவின் பெயரை வைத்தார், ஞானம்மா என்று. அப்பாவுக்குப் பிறகு மூத்தவர் என்ற முறையில் அது அண்ணன் பெயருக்கு வந்தது. அண்ணன் தனேஸ்வரன் பல் மருத்துவர். நான் நில அளவை இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் படகு. எனக்கு வீடு, வாசல், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் அதுதான்.

மரப்படகைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அது தண்ணீரில் கிடந்தால்தான் பிழைக்கும். கரையில் ஏற்றிக் காயப்போட்டால் பலகை சுருங்கி இடுக்கு விடும். மறுபடி இறக்கும்போது அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். பலகை ஊறி உப்பியதும் தானாக நின்றுவிடும். புதியவன் அதைப் பார்த்தால் அலறிக்கொண்டு கரைக்கு ஓடுவான். எங்கள் வீட்டில் யாரும் பயப்பட மாட்டோம். ‘ஞானம்மா ஊறுகிறாள்’ என்று சொல்லிவிட்டு டீ போடுவோம்.

லூமுட்டில் இப்படிப் பழைய படகு வைத்திருக்கும் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சீனர், மலாய்க்காரர், ஒரு டென்மார்க் தம்பதி, நாங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் கடற்கரையைச் சுத்தம் செய்வோம். ஆமைக் குஞ்சு பொரிக்கும் நிலையத்துக்கு எங்களால் ஆனதைச் செய்வோம். ஒரு கூட்டத்தில் அண்ணன் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தார். படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் இன்ஜின் எண்ணெய் கலந்திருக்கும், அதைப் பம்ப் போட்டுக் கடலில் விடுவதில்லை, கரைக்குக் கொண்டுவந்து பீப்பாயில்தான் ஊற்றுவோம் என்று. மற்றவர்கள் கைதட்டிவிட்டு மறந்துபோனார்கள். அண்ணன் மறக்கவில்லை. சிம்பாங் பூலாயில் பம்பளிமாஸ் பழம் வாங்கினால்கூடப் பிளாஸ்டிக் கயிற்றை அவிழ்த்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வரும் மனிதர் அவர். தங்கமான மனிதர். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

போன வருஷம் அண்ணனுக்கு முழங்கால் போய்விட்டது. படகை வடக்கே ஓர் உல்லாச விடுதிக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அவர்கள் அதை வாசலில் சிமெண்டு மேடை போட்டு நிறுத்துவார்களாம். சுற்றி மேசை நாற்காலி.

“காப்பாத்துறதுன்னா தண்ணியிலயே வச்சிருக்கணுமா, குமரா? நல்லா வெள்ளையடிச்சு வச்சிருப்பாங்க லா. நமக்கப்புறம் யாரு பார்க்கிறது?” என்றார்.

“வெயில்ல காஞ்சா வெடிச்சிரும் அண்ணே.”

“வெடிச்சா பூசிக்குவாங்க.”

காலில் விழுந்தேன். எங்கள் வீட்டில் தம்பி அண்ணன் காலில் விழுவது பொங்கலன்றைக்கு மட்டும்தான். அன்று பொங்கல் இல்லை. அண்ணன் பதறிப்போய்த் தூக்கினார். புஷ்பலதா அண்ணி சோறு போட்டு, “மரத்துக்குப் போயி இப்படி அழலாமா தம்பி?” என்றார். பேச்சு இழுத்துக்கொண்டே போன மாதங்களில் ஞானம்மா கரையில் கிடந்தாள். நான் தினமும் பஸ் பிடித்துப் போய் அடியில் உட்கார்ந்திருப்பேன். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. மற்ற குடும்பங்களிடம் கெஞ்சிப் பார்த்தேன். அண்ணன் தம்பி விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

அண்ணன் தானே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார், கடைசிப் பயணமாக. தயார் செய்யும் வேலையை என்னிடம்தான் கொடுத்தார். என்னைவிட யாருக்குத் தெரியும்? பலகை இடுக்குகளில் பருத்தித் திரியை அடித்து இறுக்கி, மேலே மெழுகு பூசி, பெயிண்ட் அடிக்க வேண்டும். எல்லா இடுக்கிலும் ஒழுங்காகத்தான் அடித்தேன். பாய்மரத்துக்கு அடியில் வருகிற இரண்டு இடுக்கில் மட்டும் திரி வைக்கவில்லை. வெறும் மெழுகு. துறையில் சும்மா நிற்கும்போது அது தாங்கும். அலையில் பலகை அசைந்தால் உதிரும். கடலடியில் கிடந்தால் அவள் காயமாட்டாள். மீன் குடியேறும், பவளம் பிடிக்கும். விடுதி வாசலில் கள்ளுக்கடை ஆவதைவிட அது மரியாதை. அப்போது என் மனதில் இருந்தது அவ்வளவுதான்.

“ஞானம்மா ஊறிட்டாளா?” என்று தண்ணீரில் இறக்கிய பிறகு அண்ணன் கேட்டார்.

“ஊறிட்டா அண்ணே. போலாம்.”

இடுப்பு வலி என்று சொல்லி நான் ஏறவில்லை.

அவர் புறப்பட்ட அன்று காலையிலேயே கடலிலிருந்து போன் வந்தது. “குமரா, பலகைக்கு மேல தண்ணி வருதுடா.”

“மாசக்கணக்கா காஞ்சு கிடந்தவ அண்ணே. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்.”

“பம்பைப் போடவா?”

கேளுங்கள் இன்ஸ்பெக்டர், என்னிடம்தான் கேட்டார். வேறு எந்தப் படகுக்காரனும் கேட்டிருக்க மாட்டான், விசையைத் தட்டிவிட்டிருப்பான். “இன்ஜினுக்கு அடியில எண்ணெய் இருக்கு அண்ணே. ஆமை கரைக்கு வர்ற மாசம்” என்றேன். “சரி, சரி” என்று வெட்கப்பட்டார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எண்ணெய் இருந்தது. ஆமை வருகிற மாதம்தான்.

இரண்டாவது தடவை அழைத்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. “அப்பா, பம்பைப் போடுங்கப்பா.” அண்ணன் மகள் ஆர்த்திகா. தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்தில் வகுப்பு இருக்கிறது, வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்கு ஆமைக் குஞ்சைக் கையில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

“பிள்ளைக்கு மிதவைச் சட்டை போட்டு மேல உக்கார வைங்க அண்ணே” என்றேன்.

“அவ்வளவு மோசமா?”

“சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான்.”

கடலோரக் காவல்படையைக் கூப்பிடலாமா என்று கேட்டார். பலகை ஊறுவதற்கெல்லாம் அவர்களை அலைக்கழிக்க வேண்டாம் என்றேன். கீழே இறங்கி இடுக்கைத் தேடித் துணியைத் திணிக்கச் சொன்னேன். பாய்மரத்தடியில் தேடுங்கள் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போன் வரவில்லை. நானும் அழைக்கவில்லை.

ஞானம்மா மூழ்கிவிட்டாள். மிதந்துகொண்டிருந்த ஆர்த்திகாவை மீன்பிடிப் படகு ஒன்று தூக்கியது. ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா கீழேயே இருந்தாராம். வாளியில் அள்ளிய தண்ணீரைக்கூடக் கடலில் கொட்டாமல் படகிலிருந்த பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தாராம். “நீங்க சொன்னபடிதான் சித்தப்பா. கடைசி வரைக்கும் பம்பைப் போடல. ஒரு சொட்டு எண்ணெய் கடல்ல விழல” என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். படகு கிடக்கும் இடத்தை நீங்கள் கண்டுபிடித்ததே மேலே பரவியிருந்த எண்ணெயை வைத்துத்தான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. தயவுசெய்து நீங்களும் சொல்லாதீர்கள். அந்த எண்ணெய்க்காக நான் உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்.

நீங்கள் என்னைச் சந்தேகிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். வயதானவர் வானிலை பார்க்காமல் போய்விட்டார் என்று முடிக்கத்தான் இருந்தீர்கள். நேற்று நீங்கள் அண்ணியிடம், காரணம் தெரியவேண்டும், உடலும் உள்ளேதான் இருக்கும், அதனால் கிரேன் கொண்டுவந்து படகையே தூக்கப்போகிறோம் என்று சொன்னீர்கள். தூக்கினால் கரையில் போட்டு வைப்பீர்கள். வழக்கு முடிய எத்தனை வருஷமோ. வெயில்.

அதனால்தான் வந்தேன். காரணம் நான். திரி வைக்காதவன் நான், பம்பைப் போட விடாதவன் நான், என் அண்ணனைக் கொன்றவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், தூக்குக் கயிறானாலும் சரி. இனி ஞானம்மாவைத் தூக்கவேண்டிய அவசியம் இல்லையே? அண்ணன் உடம்பையாவது கொடுங்கள் என்று அண்ணி அழுகிறார். அதுவும் நியாயம்தான். முக்குளிப்பவர்கள் மேல்வாசல் வழியாக இறங்கி எடுக்கட்டும். அண்ணன் ஒல்லி. தோள் இடித்தால் அவரைக் கொஞ்சம் மடக்கி எடுக்கச் சொல்லுங்கள், பலகையை அறுத்துவிடப் போகிறார்கள்.