ஓர் ஒற்று

— ஆடி முடிய இன்னும் மூணே நாள்தான் கனகு. ஆவணி பிறந்த அன்னைக்கே ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து நிக்கிறேன். தண்ணியைக் குடி மொதல்ல. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு.

— வேணாம் மதினி. இன்னைக்கே கையெழுத்துப் போடுவீகளா மாட்டீகளா, அதை மட்டும் சொல்லுங்க.

— ஆடியில எவராச்சும் தோட்டத்தை விப்பாகளா? எங்கப்பா உயில்ல என்னை நம்பி அறங்காவலரா வச்சிட்டுப் போனாரு. விக்கிற அதிகாரமும் பங்கு வைக்கிற பொறுப்பும் என் கையிலதான் இருக்கு. முப்பது வருசம் தமிழ் சொல்லிக்குடுத்தவ, எழுதினது பிசகாம நடக்க வேணாமா?

— அந்த எழுத்தை ஒருக்கா வாசிங்க.

— உனக்குத் தெரியாததா?

— உங்க வாயால கேக்கணும்.

— கேளு. ‘சமயநல்லூர்த் தோட்டத்தை என் மூத்த மகள் பாண்டியம்மாள் அறங்காவலராக நின்று காத்து, தக்க காலம் பார்த்து விற்று, விற்கும் நாளில் உயிருடன் இருக்கும் என் மக்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிப்பாளாக.’ தக்க காலம்னு இருக்கா இல்லையா?

— வாங்குறவரு சித்திரையிலயே வந்தாரு. அக்கினி நட்சத்திரம் போகட்டும்னீக. அப்புறம் ஆனி கடைசின்னீக. இப்ப ஆடி. மாமா சொன்னது தேவைப்படுற காலத்தை. நீங்கதான் அதைப் பஞ்சாங்கமாக்கிட்டீக. நாளும் கோளும் நம்மளை ஒண்ணும் செய்யாதுன்னு தினமும் குளிச்சு நீறு பூசிப் பாடுறது வேற யாரு?

— சாமி பாட்டை இதுல இழுக்காத.

— ‘உயிருடன் இருக்கும்’னு வாசிக்கையில மட்டும் ஏன் மதினி குரல் இறங்குது? மாமாவுக்கு நீங்க ரெண்டே பேரு. உங்க தம்பி போயிட்டா அம்புட்டும் உங்களுக்கு.

— நீயுமா இந்தப் பேச்சைப் பேசுற? எனக்கென்ன பிள்ளையா குட்டியா? அப்படி ஒண்ணு ஆச்சுன்னா மொத்தத்தையும் உன் மக முத்துமீனா பேருக்கு எழுதிருவேன். அவ என் மருமக.

— எழுதுவீக. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அது அத்தை குடுத்தது. உங்க தம்பி கேட்டது அப்பா குடுத்ததை.

— எல்லாம் ஒண்ணுதானே.

— ஒண்ணு இல்ல மதினி. என்னைக் கட்டுன நாள்லருந்து பதினாறு வருசம், மாமா அவருகூட ஒரு வார்த்தை பேசல. சாகக் கெடந்தப்பயும் கிட்டத்துல விடல. உங்க தம்பி ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அந்த உயில் நகலைத்தான் தடவிக்கிட்டுக் கெடந்தாரு. ‘பாரு கனகு, மகளுக்குன்னு எழுதாம மக்களுக்குன்னு எழுதியிருக்காரு. நடுவுல ஒரு க். அந்தப் புள்ளி வச்ச எழுத்துக்குள்ளதான் நான் இருக்கேன்’னாரு.

— கருத்தக்கண்ணனா அப்படிச் சொன்னான்? ஒற்றெழுத்து எங்க வரும், எங்க வராதுன்னு எங்கிட்ட அவன் வாங்காத குட்டு இல்லையே.

— ‘எங்கக்கா சொல்லிக்குடுத்த எழுத்து’ன்னும் சொன்னாரு.

— எந்திரி கனகு.

— எங்க மதினி?

— ஆடியாவது அமாவாசையாவது. வாங்குறவருக்குப் போன் போடு. அடுப்புல கஞ்சி இருக்கு, தூக்குவாளியில ஊத்திக்கிறேன். போற வழியில ஆஸ்பத்திரியில இறங்கி அவனுக்குப் புகட்டிட்டு, அந்த வரியை நானே அவன் காதுல வாசிக்கிறேன். அதுக்கப்புறம் கையெழுத்து. அந்தக் கண்ணாடியை எடு. ஏன் அப்படியே உக்காந்திருக்க?

— கஞ்சி வேணாம் மதினி.

— வெறும் வயித்துல எப்படி மருந்து குடுப்பாக?

— பத்திரம் பதிஞ்சாச்சு, அக்கா கையெழுத்துப் போட்டுட்டாகன்னு காலையில அவரு காதுல சொன்னேன். சிரிச்சாரு. அந்தப் பொய்யோடதான் அவரை வழியனுப்பி வச்சேன். நீங்க மெய்யாவே போட்டிருப்பீகளான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன்.

— கனகு...

— இனிமே அந்த வரியை ‘மகளுக்கு’ன்னே வாசிச்சுக்கங்க.