மாறிப் போன ரீல்

ரயில் வருவதற்கு முன்பே டிக்கெட் கொடுக்க வேண்டும் என்பது விதி. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் அதை வரிசையில் நின்ற நாங்கள் மட்டுமே கடைப்பிடித்தோம்; கவுன்ட்டர் இன்னும் திறக்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் முந்தின நாள் பார்த்த இங்கிலீஷ் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி கோமு, ராஜா காலத்துக்குப் போற பெட்டி நெசமாவே நல்ல பெட்டிதான். வாள்சண்டையில செத்தவனை முந்தின நாளுக்கே போய்க் கூட்டிட்டு வந்துட்டாங்களே! அடுத்தாப்ல உக்காந்து கோழிக்கால் கடிக்கான்."

"நல்லாருக்கு மதினி! ஆபரேட்டர் ரீலை முன்னப் பின்ன மாத்திப் போட்டுட்டான். கொட்டகையே விசிலடிச்சுச்சே, கேக்கலயா?"

"நான் சிரிச்சிக்கிட்டுல்லா இருந்தேன்."

"அதான் பாத்தேன். எங்க அண்ணன் செத்த பெறகு நீங்க நேத்துதான் சிரிச்சிய. ராத்திரி திரும்பி வந்ததும் இன்னைக்கும் போவமா? ஒழுங்கா ஓட்டுவான்."

"ஒழுங்கா ஓட்டுனா அவன் கடைசியில செத்துருவானா?"

"செத்துருவான்."

கவுன்ட்டர் திறந்தது. கோமு டிக்கெட் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். மதினி அவள் பின்னாலேயே போனாள்.

"அந்த ஆபரேட்டர் நம்ம சொன்னா கேப்பானாட்டி?"