நாப்பத்தேழாம் நம்பர் சப்ளையர்

அட, எழுந்திரிக்காதீங்க தம்பி, உக்காருங்க. இன்டர்வியூக்குக் கூப்புட இன்னும் நேரம் ஆவும். மேனேஜர் டீ குடிக்கப் போயிருக்காரு, அவரு குடிக்கற டீ சாமானியத்துல தீராது. உள்ள போனதும் அவர சாருன்னு சொல்லாம, பிரெஞ்சுல முசேன்னு கூப்புடுங்க, பாதி வேல கெடச்ச மாதிரி. எம்பேரு அன்புசெல்வி, அக்கான்னே கூப்புடலாம்.

என்ன படிச்சிருக்கீங்க? எம்.ஏ. ஹிஸ்டரியா? அத ஏன் இவ்ளோ மெதுவா சொல்றீங்க, திருடிட்டு வந்தவரு மாதிரி? சஸ்டெயினபிள் சப்ளை செயின் வேலைக்கு ஹிஸ்டரிக்காரன் வரலாமான்னுதான யோசன? தாராளமா வாங்க. இதுக்குன்னே படிச்சிட்டு வந்த ஒருத்தரையும் நான் இங்க பாத்ததில்ல. மாடியில ஹேமலதா இருக்குது, பி.ஏ. பிரெஞ்ச். பிரான்ஸ் மெயில படிச்சுச் சொல்ல எடுத்தாங்க, இப்ப கார்பன் அளவு போடுது. எப்படிப் போடுதுன்னு அதுக்கும் தெரியாது, கார்பனுக்கும் தெரியாது. புருஷோத்தமன் சார் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். அங்க புள்ளைங்களப் பாத்து விசில் ஊதுனாரு, இங்க லாரியப் பாத்து ஊதறாரு. ஆகாஷுன்னு ஒரு இன்ஜினியரு, மீன் வாடையே ஆவாது அவனுக்கு. மூக்கப் பொத்திக்கினே வருசா வருசம் அவார்டு வாங்கறான்.

எல்லாரும் ஆன்லைன்ல எட்டு வாரம் கோர்ஸ் முடிச்சவங்கதான். நீங்களுமா? சர்ட்டிபிகேட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்கீங்களே, அத மட்டும் பத்தரமா வச்சிக்கங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமா? நீங்க உக்காரப் போற சீட்டுல மூணு வருசம் நான்தான் உக்காந்திருந்தேன். எம்.எஸ்சி. ஜுவாலஜி. மீனோட செவுளப் பத்தி அவ்ளோ படிச்சேன், இங்க வந்து மீனோட மொகவரி தேடுனேன். வேல அதான் தம்பி. பிரான்சுக்கு நாம அனுப்பற மீன் டப்பா மேல கட்டம் கட்டமா ஒரு க்யூஆர் கோடு இருக்கும். பாரிஸ்ல ஒரு அம்மா போனக் காட்டுனா, இந்த மீன எந்தப் போட்டு, எந்த மீனவரு புடிச்சாருன்னு போட்டோவோட வரணும்.

நல்ல விசயந்தான், நான் இல்லங்கல. ஆனா ஹார்பர்ல போய்ப் பாருங்க. பத்துப் போட்டு மீன் ஒரே குவியலாக் கெடக்கும், ஏலம் எடுத்து வரலட்சுமி அக்கா கூடையில அள்ளும். இது எந்தப் போட்டு மீனுக்கான்னு கேட்டேன். அத ஏன்டி என்னக் கேக்கற, மீனக் கேளுன்னுச்சு.

கம்ப்யூட்டரு அதெல்லாம் கேக்காது. மீனவர் பேர நெரப்பலன்னா அடுத்த பக்கம் போவாது. சேந்த மொத வாரம், நிக்கறாரு மேனேஜர் பின்னாடி. சும்மா டிரயலுக்குத்தான்னு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பேரப் போட்டு, என் போன்ல இருந்த போட்டோவையும் ஏத்துனேன். சப்ளையர் நம்பர் நாப்பத்தேழு. கலியபெருமாள். அது அப்படியே பிரான்ஸ் வரைக்கும் போயிடுச்சு. அங்க இருக்கறவங்களுக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் புடிச்சுப்போச்சாம். ஊர்ல பிடிக்கற மீனெல்லாம் நாப்பத்தேழுதான் பிடிக்கறாருன்னு ஆயிடுச்சு. திரும்பிப் பாருங்க, உங்க பின்னாடி செவுத்துல மாட்டியிருக்கே பெரிய போட்டோ, அவருதான்.

வருசத்துக்கு ஒருக்கா ஒரு தாள் வரும். சப்ளையர நேர்ல பாத்தேன், நல்லா இருக்காரு, வாழ்க்கை உயர்ந்திருக்குன்னு கையெழுத்துப் போடணும். மொத வருசம் நெசமாவே பாத்துட்டுப் போட்டேன். ரெண்டாவது வருசமும் போட்டேன். இந்த வருசம் மாட்டேன்னுட்டேன். அதான் சீட்டு காலி, அதான் நீங்க சட்டையத் தேச்சுப் போட்டுக்கினு கோரிமேட்டுலேருந்து பஸ் புடிச்சு வந்திருக்கீங்க.

ஒரு கையெழுத்துக்காவ வேலைய உடுவாங்களான்னு பாக்கறீங்க. என்னாத்த சொல்ல. அந்தாளு கடலுக்குப் போய் ஒன்றரை வருசம் ஆவுது தம்பி. போட்டுப் பலக மட்டும் கரைக்கு வந்துச்சு. எங்கப்பா அவரு.

ஐயய்ய, நீங்க ஏன் எழுந்திரிக்கறீங்க, உக்காருங்க. ரெண்டாவது கையெழுத்து தெரிஞ்சேதான் போட்டேன். மேனேஜர் சொன்னாருன்னு மட்டும் சொன்னா அது பொய்யி. நேர்ல பாத்தேன், நல்லா இருக்காருன்னு எழுதறப்ப ஆசையா இருந்துச்சு. எழுதிட்டு பாத்ரூம்ல போய் அழுதேன், அது வேற.

எங்கம்மா கமலா சாவு சான்றிதழுக்கு மனு போட்டுச்சு. ஒடம்பு கெடைக்காத கேஸு, ஆயிரம் கேள்வி. கடைசில சர்க்கார் ஆபீஸ்ல, கம்பெனிகிட்ட விசாரிச்சு வாங்குன அந்தத் தாள எடுத்துக் காட்டுறாங்க. உன் ஊட்டுக்காரரு நல்லா இருக்காருன்னு கம்பெனி எழுதிக் குடுத்திருக்குது, உன் பொண்ணே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப நான் போய் அது பொய்யின்னா, வேல போன கோவத்துல பேசறேன்றாங்க. கம்பெனி தாளத்தான் நம்புவாங்களாம். அம்மா பொட்ட எடுக்கறதா, வச்சிருக்கறதான்னு தெரியாம தெனம் கண்ணாடி முன்னாடி நிக்குது. பாக்க முடியல தம்பி.

வேல உங்களுக்குத்தான் கெடைக்கும், பயப்படாதீங்க, வேற யாரும் வரல. மொத நாளே இந்த வருசத்துத் தாள உங்ககிட்ட நீட்டுவாங்க. போய்த் தேடுனேன், ஆள் இல்லன்னு ஒரு வரி எழுதுங்க, போதும். அதக் கேக்கத்தான் வாட்ச்மேன் கோவிந்தசாமிகிட்டக் கெஞ்சி உள்ள வந்தேன்.

ஹிஸ்டரின்னு கூச்சப்படாதீங்க. செத்தவங்களப் பத்தி உள்ளத உள்ளபடி எழுதறதுதான உங்க படிப்பு?

போங்க, கூப்புடறாங்க.