மயில் அட்டையில் வெட்டிய தக்கை

முகம் சேற்றில். வாய்க்காலில் குப்புறக் கிடக்கிறேன். வலது காதில் குக்கர் விசில் போல ஒரே சத்தம். அது நிற்கவில்லை. இடது காதில் யாரோ கத்துகிறார்கள்.

"படு சார். எந்திரிக்காத. பை எரியுது."

கத்துவது தனபால். மோட்டார் அறைக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு கத்துகிறான். வரப்பில் தோட்டாப் பை எரிகிறது. உள்ளே மூன்று தோட்டா மிச்சம்.

பட். ஒன்று போனது. தலைக்கு மேலே மல்லாட்டைச் செடியில் ஏதோ சரசரத்தது. மிச்சம் இரண்டு.

பட். பட். இரண்டும் சேர்ந்தாற்போல் போயின.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. வியாழக்கிழமை. காலை ஐந்து ஐம்பது. தாமல் ஏரிக்குக் கீழே, என் மனைவியின் தம்பி ஏகாம்பரத்தின் இரண்டு ஏக்கர். அவன் வரப்பின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறான். இடது கையை வலது கையால் பிடித்திருக்கிறான். கத்தவில்லை. கையையே பார்க்கிறான். மாதிரியில் இல்லாத ஒரு இழையைத் தறியில் கண்டவன் பார்ப்பதுபோலப் பார்க்கிறான்.

அவர்கள் இதைப் போர் என்றார்கள். பெயர் நான் வைத்ததல்ல. ஏகாம்பரத்தின் கூட்டாளி தனபால் வைத்தது. ஏரிக்கரைப் புதரிலிருந்து காட்டுப்பன்றி வருகிறது. மல்லாட்டையைக் கிளறி வேர்க்கடலையைத் தின்கிறது. இது உண்மை. இதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழு. பெயர் பன்றிப் போர்ப் படை. முகப்புப் படம் ஒரு பீரங்கி வண்டி. படையில் பாதிப் பேருக்கு நிலம் கிடையாது. அவர்கள்தான் காலையில் முதலில் வீரவணக்கம் போடுகிறவர்கள்.

நான் போரைப் பார்த்தவன் அல்ல. துப்பாக்கிக்குக் கோப்பு எழுதியவன். ஆட்சியர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் பதினொரு வருடம். புதுப்பித்தல், பெயர் மாற்றம், தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது, எல்லாம் என் மேசை வழியே போனவை. என் மாமனாரின் ஒற்றைக்குழல் துப்பாக்கியை ஏகாம்பரம் பெயருக்கு மாற்றியபோது கோப்பை எழுதியதும் நானே. அதில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

ஏகாம்பரம் பட்டு நெய்பவன். ஊருக்குள் சொந்தத் தறி. நிலம் அப்பன் விட்டுப்போனது. பன்றியால் பயிர் நாசம் என்று மனு எழுதித் தரும்படி தனபால் என்னைக் கேட்டான். நேரில் பார்க்காமல் மனு எழுதுவதில்லை என்றேன். புதன்கிழமை மாலை ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன்.

தறிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதன்மேல் ஆறு பித்தளைத் தோட்டாக்கூடு. என் மாமனார் காலத்தவை. கடைத் தோட்டாவைப் போல ஒருமுறை சுட்டுத் தூக்கி எறிவதில்லை. மறுபடி மறுபடி நிரப்பலாம். ஒரு டப்பாவில் கரிமருந்து. வாணக்காரரிடம் வாங்கியது என்றான் தனபால், பெருமையாக. சின்னச் சின்ன ஈயக்குண்டுகளாக ரவை ஒரு கிண்ணத்தில். மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் அடைக்கும் வட்டத் தக்கைகள் ஒரு தட்டில்.

"இதெல்லாம் எங்க கத்துக்கின?" என்று கேட்டேன்.

"வீடியோ இருக்குது சார். ஒரு வெள்ளைக்காரன் சூப்பரா சொல்றான்."

"அவன் இன்னா சொன்னான்னு புரிஞ்சுதா?"

"சத்தம் வெச்சி பார்க்கறதில்ல சார். கையப் பார்த்தா போதும்."

ஏகாம்பரம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. தோட்டா நிரப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று ஆரம்பித்தேன். உரிமப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கும் என்றேன். பயிரைக் காக்க ஓசை எழுப்புவது வேறு, பன்றியைச் சுடுவது வேறு என்றேன். மருந்து வாங்கியதற்கு ரசீது எங்கே என்றேன். கால் மணி நேரம் பேசினேன். இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டிக்கொண்டே நிரப்பினார்கள்.

தக்கை தடித்த அட்டையில் வெட்டியது. நல்ல அட்டை. எங்கே கிடைத்தது என்றேன்.

"பழைய ஜக்கார்டு அட்டை மாமா. பரண்ல மூட்ட மூட்டயா கெடக்குது. இது மயில் பார்டர்."

ஜக்கார்டு அட்டை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் எந்த இழை மேலே போக வேண்டும் என்று சொல்வது அந்த அட்டைதான். எப்படிச் சொல்லும்? ஓட்டைகளால். அட்டை முழுக்க ஓட்டை.

ஒரு தக்கையை எடுத்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தேன். மூன்று ஓட்டை. மூன்று வழியாகவும் வெளிச்சம் வந்தது.

"மயில் டிசைன்ல பன்னிக்கு பொடவ நெய்யறயா?" என்றேன்.

"முகூர்த்தப் பொடவ மாமா," என்றான் ஏகாம்பரம். மூவரும் சிரித்தோம்.

பார்த்தேன். வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. என் மனதில் ரசீது இருந்தது.

தட்டில் ஓட்டையில்லாத தக்கை ஒன்றே ஒன்று. அட்டையின் ஓரத்தில் வெட்டியது. அது முதல் தோட்டாவுக்குப் போனது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வயல். கையில் கோப்பு. மூக்குக்கண்ணாடியில் பனி. பன்றி நான்கு. பெரியது ஒன்று, சின்னது மூன்று. மெதுவாகக் கிளறுகின்றன. தனபால் போனில் படம் எடுக்கிறான். படைக்கு அனுப்ப வேண்டுமாம்.

ஐந்து நாற்பத்தாறு. முதல் தோட்டா. ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துச் சுட்டான். டமார். நல்ல சத்தம். வெள்ளைப் புகை. ஏரியில் கொக்குகள் எழுந்தன. பன்றிகள் கரும்புப் பக்கம் ஓடின. இரண்டு நின்று திரும்பிப் பார்த்தன.

இரண்டாவது தோட்டா. புஸ்.

அவ்வளவுதான். சைக்கிள் டியூபில் காற்று இறங்கியதுபோல. குழலின் வாயில் கொஞ்சம் புகை சோம்பலாக வந்தது.

அந்தச் சத்தத்தின் பொருள் எனக்குத் தெரியும். துப்பாக்கி விபத்து அறிக்கைகளை ஒன்றுக்கு மேல் படித்திருக்கிறேன். மருந்து எரிந்த காற்று முழு வேகத்தோடு ரவையைத் தள்ள வேண்டும். தக்கையில் ஓட்டை இருந்தால் காற்று அதன் வழியே கசிந்துவிடும். தள்ள வலு இருக்காது. தக்கையும் ரவையும் குழலின் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கும். சத்தம் குறைந்தால் அடுத்த தோட்டாவைப் போடாதே, குழலைத் திறந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார். இதை அலுவலகத்தில் மனுதாரர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இங்கே நான் சொன்னது இது:

"உன் பீரங்கிக்கு சளி பிடிச்சிக்கிச்சு ஏகாம்பரம், கஷாயம் குடு."

தனபால் விழுந்து விழுந்து சிரித்தான். ஏகாம்பரத்துக்குக் கோபம். அக்கா புருஷன் முன்னால் மானம் போன கோபம். துப்பாக்கியை மடக்குகிறான். காலிக்கூட்டை உருவுகிறான். புதியதைப் போடுகிறான். நான் என் நகைச்சுவையை ரசித்துக்கொண்டிருக்கிறேன். மெல்லத்தான் உறைக்கிறது. டியூப்லைட். மூன்று ஓட்டை.

"போடு போடு, திரும்பி வருது," தனபால் கத்துகிறான்.

"சுடாத. கொழாய பாரு."

என் குரல். அவன் விரல் அதற்கு முன்னால் போய்விட்டது.

புஸ் சத்தத்துக்கும் அந்த வெடிக்கும் நடுவே இருபது விநாடி இருக்கும். மூச்சு விட்டுவிட்டு, சுடாதே என்று நான்கு முறை சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது சத்தத்தை என்னால் எழுத முடியவில்லை. அது பாதிக் காதோடு முடிந்துவிட்டது. குழல் நடுவில் வாழைப்பூப் போல விரிந்தது. தீப்பொறி பைமேல் விழுந்தது. நான் வாய்க்காலில் விழுந்தேன்.

காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். கையை என் துண்டால் சுற்றினேன். திருப்புட்குழி திருப்பத்தில் தனபால் முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"சார், அந்த வீடியோல அட்டைய பத்தி ஒண்ணும் சொல்லல சார்."

"அவன் ஊர்ல தறி இருக்காதுபா," என்றேன்.

ஏகாம்பரம் கண்ணைத் திறக்காமல் கேட்டான். "மாமா, வெரலு எத்தினி இருக்குது?"

"ஆஸ்பத்திரிக்கு போய் பாக்கலாம்."

"நீ எண்ணிட்ட மாமா. சொல்லு."

நான் எண்ணிவிட்டேன். சொல்லவில்லை. அறுந்த இழையை முடிச்சிட இரண்டு கையும் வேண்டும் என்பது அவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மத்தியானம் காவலர் வாக்குமூலம் எழுத வந்தார். அவர் எழுத்தைப் பார்த்தேன். சகிக்கவில்லை. பேனாவை வாங்கி நானே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஒழுங்கான பத்திகள். அதில் ஒரு வரி: "உரிமதாரர் முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டார்." யார் எச்சரித்தது, எப்போது என்று இல்லை. அப்படி எழுதத்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். காவலர் படித்துவிட்டு, "நல்லா எழுதிக்கிறீங்க சார்," என்றார்.

மாலையில் என் மனைவி கமலா தம்பியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் என் இடது பக்கமாக உட்கார்ந்தாள். கேட்கும் பக்கம்.

"எல்லா ரூலும் உங்களுக்குத் தெரியுமே," என்றாள்.

வாட்ஸ்அப் குழுவில் அன்றிரவே செய்தி. போர்ப்படை வீரர் காயம். நூறு கைகூப்பல் படங்கள். யாரும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. தனபால் முகப்பிலிருந்து பீரங்கி வண்டியை எடுத்துவிட்டு ஒரு தாமரைப்பூவை வைத்தான். மறுவாரம் மனுவைக் கேட்டான். கொடுத்தேன். பயிர்ச் சேதம் பற்றி மட்டும்.

அந்த வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. எச்சரிக்கப்பட்டார் என்று அது சொல்லும். அதனால் இதை எழுதுகிறேன்.

இழப்புக் கணக்கு.

துப்பாக்கி ஒன்று. உரிமம் ஒன்று. பித்தளைத் தோட்டாக்கூடு ஆறு. அதில் இரண்டை வயலில் இன்னும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை.

பன்றி, இல்லை. நான்கும் இன்று காலையும் வந்தன.

என் வலது காது.

ஏகாம்பரத்தின் இடது கையில் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். தறியில் பாதி நெய்த சேலை ஒன்று. அதை வேறு ஆள் முடித்தான்.

நான் அன்று அந்த இருபது விநாடியில் கேலியாகச் சொன்ன சொற்கள் ஏழு. சொல்லியிருக்க வேண்டியது ஒன்று.