மேடையில் செத்தவளும் இருந்தவளும்

கம்பத்திலிருந்து தேனி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நாடக நடிகைகள்.

"மேடையில செத்தாத்தான்க்கா விருதுக்குப் பேரு வரும்," என்றாள் இளையவள். "நம்ம நாடகத்துல நான் செத்தேன். அந்த இன்னொரு குழு நாடகத்துல போடிக்காரி செத்தா. ரெண்டு பேரும் உறுதி."

"நான் கடைசி வரைக்கும் உசுரோட இருந்துட்டேனே," என்று மூத்தவள் சிரித்தாள்.

உத்தமபாளையம் தாண்டியதும் இளையவளின் செல்போன் அடித்தது. பேசி முடித்தவள், திராட்சைத் தோட்டங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னடி சொன்னாக?"

"போடிக்காரி பேரு இருக்காம். எம்பேரு இல்ல. ஒம்பேரு இருக்குக்கா."

"நான் சாகவே இல்லையேடி!"

இளையவள் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"செத்துக் கெடந்த என்னைய மடியில போட்டு நீ அழுதேல்ல? சனம் பூராம் ஒன்னையத்தான் பாத்துச்சு. நானே ஒரு கண்ணத் தொறந்து பாத்தேன்க்கா."