நோட்டின் பின்பக்கம்

இந்தக் காலத்து ஆட்கள் நோட்டு வாங்கினால் முன்பக்கத்தைக்கூடப் பார்ப்பதில்லை; மடித்துப் பையில் செருகிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கள் யார்க்ஷயர் சந்தையில் அன்று அப்படியில்லை. நோட்டு ஊர் வங்கி அச்சடித்தது; திருப்பிக் கொண்டுபோனால் வங்கி அதற்குத் தங்கம் தர வேண்டும். கொடுக்கிறவன் பின்னால் தன் பெயரை எழுதித்தான் கொடுப்பான். எனக்கு எழுத வராது. ஒரு லாடம் வரைந்து நடுவே புள்ளி வைப்பேன்.

பாதிரியாரே, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நான் அப்போது ரீட்மேன் வங்கியின் வாயிற்காவலன். அந்தக் குளிர்காலத்தில் லண்டனில் வங்கிகள் விழுகின்றன என்று செய்தி வந்ததும், நோட்டுக்குத் தங்கம் கேட்டு ஊரே வாசலில் நின்றது. பெட்டியில் ஒரு பிடி தங்கம்தான் என்பது முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

வரிசையில் முதல் ஆள், பாலாடைக்கட்டி விற்கும் டோர்காஸ். அவள் நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கள்ள நோட்டு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவள் சிரித்தாள். "விளையாடாதய்யா ஈனாக். போன வாரம் கட்டி வாங்கிட்டு நீதானே குடுத்தே. திருப்பிப் பாரு, உன் லாடம் இருக்கு."

இருந்தது.

முதலாளி வரிசையைப் பார்த்தார். பிறகு, முன்பக்கத்துக் கையெழுத்து தன்னுடையதல்ல என்றார். கள்ள நோட்டு கொடுத்தால் தூக்கு. தங்கள் நோட்டையும் அப்படிச் சொல்லிவிட்டால் என்னாவது என்று வரிசை தானாகக் கலைந்தது. மறுநாள் என் சேமிப்பை மட்டும் முதலாளி தங்கமாகத் தந்தார். விசுவாசத்துக்குக் கூலி வேண்டாமா?

யார்க் நீதிமன்றத்தில் அந்த லாடத்தைக் காட்டிக் கேட்டார்கள். "மொதலாளி கையெழுத்தையே போடத் தெரிஞ்சவனுக்கு என் லாடம் எம்மாத்திரம், எசமான்?" என்றேன். நீதிபதியே தலையாட்டினார். டோர்காஸ் கத்தவில்லை. "ஏன் ஈனாக், உனக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாள்.

அவளைத் தூக்கிலிட்டார்கள். வங்கி அந்த மாதம்கூடத் தாங்கவில்லை. இப்போது அங்கே சேணம் விற்கிறார்கள். சந்தை நாளில் அந்தப் பக்கம் போனால் வாசலில் நிற்கிறாள், நோட்டின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டியபடி. கோபமில்லை. உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிற அதே முகம்.

மண்டியிடு என்கிறீர்கள். எதற்கு? கயிற்றை நான் தொடவில்லை. ஊர் பட்டினி கிடக்க வேண்டியதைச் சில வாரம் தள்ளிப்போட்டேன். டோர்காஸ் நல்லவள். முன்பே விவரம் சொல்லியிருந்தால் அவளே சம்மதித்திருப்பாள். தொப்பியைக் கொடுங்கள், நான் கிளம்புகிறேன்.